விமான நிலையச் சோதனை: யாரிடம் கேட்பது, எப்படிக் கேட்பது?



நம் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு தாயார் சென்ற ஆண்டு உம்ராவுக்குப் போய் வந்தார். முழங்காலில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர். காலுக்குள் உலோகம் இருக்கிறது. புறப்பட்ட இடத்தில் சோதனை வாசலைக் கடந்ததும் மணி அடித்தது. ஆண்கள் வரிசை பார்த்துக்கொண்டு நிற்க, முக்காட்டை எடுக்கச் சொன்னார்கள். அதுவும் அவருக்குத் தெரியாத மொழியில், சத்தமாக. அவரும் எடுத்தார். உம்ராவை நல்லபடியாக முடித்துத் திரும்பினார். நடந்ததை யாரிடமும் சொல்லவில்லை. துபாயில் இருக்கும் மகன், பேரப்பிள்ளையைப் பார்க்க வரச்சொல்லி டிக்கெட் எடுக்கப் போனபோதுதான், "எனக்கு அந்த வாசலே வேணாம்ப்பா" என்று அழுதிருக்கிறார்.

மகன் எனக்குப் போன் செய்தார். "செக்ரட்டரி பாய், இதை யாரிடம் புகார் சொல்வது?" என்று கேட்டார். அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் பக்கத்திலிருந்து மதுரை வழியாகவும், குமுளி இறங்கி கொச்சி வழியாகவும் பிழைப்புக்கும் உம்ராவுக்கும் போகிறவர்கள் நம்மில் எத்தனையோ பேர். எல்லோருக்கும் பயன்படட்டும் என்று, தேடித் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

சோதனை ஏன் வந்தது?

முதலில் நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். 1976-ல் இந்தியன் ஏர்லைன்ஸ் விமானம் ஒன்று கடத்தப்பட்டது. அதன் பிறகு 1978-ல் சிவில் விமானப் பாதுகாப்புப் பணியகம் (பி.சி.ஏ.எஸ்.) உருவானது. 1985 ஜூனில் 'கனிஷ்கா' விமானம் நடுவானில் வெடித்து 329 பேர் இறந்தார்கள். பயணி ஏறாமல் பெட்டி மட்டும் ஏறியதுதான் அந்தக் குண்டு. 1987-ல் பணியகம் தனித் துறையாக்கப்பட்டது. 1999 டிசம்பரில் காட்மண்டுவிலிருந்து டெல்லிக்கு வந்த விமானத்தைக் கந்தஹாருக்குக் கடத்தினார்கள். அடுத்த ஆண்டு முதல், மாநிலப் போலீஸார் பார்த்துவந்த விமான நிலையக் காவல் படிப்படியாக மத்திய தொழிற்பாதுகாப்புப் படையிடம் (சி.ஐ.எஸ்.எஃப்.) போனது.

கைப்பையில் 100 மில்லிக்கு மேல் திரவம் கூடாது என்ற வெளிநாட்டுப் பயண விதியும், 2006-ல் லண்டனில் பிடிபட்ட சதித் திட்டத்துக்குப் பிறகு வந்ததே. ஜம்ஜம் தண்ணீரைக் கைப்பையில் வைத்துக்கொண்டு வாசலில் வாதாடுகிறவர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன நபியின் உம்மத் நாம். சோதனை வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. சோதிப்பவரைச் சோதிப்பது யார் என்பதுதான் நம் கேள்வி.

ஒரே இடம், நான்கு அலுவலகங்கள்

நம் புகார்கள் பல வீணாவதற்கு முதல் காரணம், அவை தவறான கதவைத் தட்டுவதுதான். விமான நிலையத்தில் நம்மை நிறுத்துகிறவர்கள் எல்லோரும் ஒரே துறையினர் அல்லர்.

டிக்கெட், பெட்டி எடை, போர்டிங் பாஸ் ஆகியவை விமான நிறுவனத்தின் பொறுப்பு. பாஸ்போர்ட்டில் முத்திரை வைப்பது குடிவரவுத் துறை. அது உள்துறை அமைச்சகத்தைச் சேர்ந்தது. திரும்பி வரும்போது தங்கத்தையும் பெட்டியையும் பார்ப்பது சுங்கத்துறை. அது நிதி அமைச்சகத்தைச் சேர்ந்தது. உடலையும் கைப்பையையும் சோதிப்பது, நமக்குப் பக்கத்து விமான நிலையங்களில், சி.ஐ.எஸ்.எஃப்.

இங்கேதான் ஒரு சிக்கல். எப்படிச் சோதிக்க வேண்டும் என்று விதி எழுதுவது பி.சி.ஏ.எஸ்.; அது விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் வருகிறது. கைவைத்துச் சோதிக்கும் சி.ஐ.எஸ்.எஃப். உள்துறை அமைச்சகத்தின் கீழ் வருகிறது. எனவே புகார் எழுதும்போது இரண்டுக்கும் நகல் அனுப்ப வேண்டும். ஒன்றுக்கு மட்டும் எழுதினால், 'அது எங்கள் பொறுப்பல்ல' என்ற பதிலோடு முடிந்துவிடலாம். இந்தப் பாதுகாப்பு இலவசமும் அல்ல. 2021 ஏப்ரல் முதல் உள்நாட்டு டிக்கெட் ஒவ்வொன்றிலும் 200 ரூபாய் பாதுகாப்புக் கட்டணமாகச் சேர்ந்தது. காசு கொடுப்பவருக்குக் கேள்வி கேட்கவும் உரிமை உண்டு.

நமக்கு மட்டும்தானா?

"பெயரைப் பார்த்துத்தான் நம்மை நிறுத்துகிறார்கள்" என்று நம் இளைஞர்கள் சொல்கிறார்கள். அந்த வலி பொய் என்று நான் சொல்லமாட்டேன். ராமேஸ்வரத்து அப்துல் கலாம் அவர்களையே 2009 ஏப்ரலில் டெல்லியில் ஓர் அமெரிக்க விமான நிறுவனத்தின் ஊழியர்கள் சோதித்தார்கள். முன்னாள் குடியரசுத் தலைவர்களுக்குச் சோதனையிலிருந்து விலக்கு உண்டு என்ற உத்தரவு இருந்தும் அது நடந்தது. 2011-ல் நியூயார்க்கில் விமானத்தில் ஏறி அமர்ந்த பிறகும் அவருடைய கோட்டையும் காலணியையும் வாங்கிப் போய்ப் பார்த்தார்கள்.

ஆனால் பெயர் மட்டுமே காரணம் என்றும் சொல்லிவிட முடியாது. 2020 ஆகஸ்டில் சென்னை விமான நிலையத்தில், தமிழிலோ ஆங்கிலத்திலோ பேசச் சொன்ன கனிமொழி எம்.பி.யிடம், "நீங்கள் இந்தியரா" என்று ஓர் அதிகாரி கேட்டதாகப் புகார் எழுந்தது. 2022 டிசம்பரில் மதுரையில் தம் வயதான பெற்றோரை அலைக்கழித்ததாக நடிகர் சித்தார்த் எழுதினார். விபத்தில் காலை இழந்து செயற்கைக் காலுடன் ஆடும் நடிகை சுதா சந்திரன், ஒவ்வொரு முறையும் அந்தக் காலைக் கழற்றச் சொல்கிறார்கள் என்று 2021 அக்டோபரில் வீடியோவில் வேதனைப்பட்டார்.

இவற்றின் முடிவையும் கவனியுங்கள். கலாம் அவர்கள் தம் அளவில் சப்ரு செய்தார். ஆனால் 2009-ல் நடந்தது நாடாளுமன்றத்தில் எழுப்பப்பட்டு, விமான நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. 2011-ல் நடந்ததற்கு அமெரிக்க அரசு வருத்தம் தெரிவித்தது. கனிமொழி விஷயத்தில் சி.ஐ.எஸ்.எஃப். விசாரணைக்கு உத்தரவிட்டது. சுதா சந்திரனிடம் அதே படை மன்னிப்புக் கேட்டது. அந்த ஆண்டு டிசம்பரிலேயே, செயற்கை உறுப்பைக் கழற்றச் சொல்லக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் கூறியது. இவர்கள் பிரபலங்கள், அதனால் பேச்சு காதில் விழுந்தது. நம் தாயாருக்கு அந்தக் குரல் இல்லை. அவருக்கு இருப்பது எழுத்து மட்டும்தான்.

அமெரிக்காவில் 2015-ல், மாறுவேடத்தில் வந்த அரசு அதிகாரிகள் 70 முறை சோதித்ததில் 67 முறை தடைசெய்த பொருள் பிடிபடவில்லை என்ற செய்தி வெளியானது. துறையின் தற்காலிகத் தலைவர் மாற்றப்பட்டார். உடலை அப்படியே காட்டிய ஸ்கேனர்கள், மக்கள் எதிர்ப்புக்குப் பிறகு 2013-க்குள் அகற்றப்பட்டன. எல்லோரும் காலணியைக் கழற்ற வேண்டும் என்ற விதியை 2025 ஜூலையில் நீக்கினார்கள். கேட்டால் விதியும் மாறும்.

வாசலில் செய்ய வேண்டியவை

பெண்களைப் பெண் காவலரே, திரை மறைத்த இடத்தில் சோதிக்க வேண்டும். முக்காட்டை எடுத்தே ஆக வேண்டும் என்றால், "மறைவான இடத்தில், பெண் அதிகாரி முன்னால் எடுக்கிறேன்" என்று நிதானமாகச் சொல்லுங்கள். சோதனையையே மறுத்தால் விமானத்தில் ஏற்றமாட்டார்கள். உடலில் உலோகம் உள்ளவர்கள் டாக்டர் சீட்டு வைத்திருங்கள். விலக்குக் கிடைக்காது, ஆனால் விளக்கம் எளிதாகும். வயதானவர்களுக்கு, "என் காலில் உலோகம் இருக்கிறது" என்ற வரியை ஆங்கிலத்திலும் இந்தியிலும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்து அனுப்புங்கள்.

சுங்கத்துறையினர் உடலைச் சோதிக்க முற்பட்டால், முதலில் கெசட்டட் அதிகாரியிடமோ மாஜிஸ்திரேட்டிடமோ அழைத்துப் போகும்படி கேட்க சுங்கச் சட்டத்தின் 102-வது பிரிவு உரிமை தருகிறது. பெண்ணைப் பெண்தான் சோதிக்கலாம் என்பதும் அதே பிரிவில் இருக்கிறது.

நாம் தவிர்க்க வேண்டியவையும் உண்டு. சோதனை இடத்தில் வீடியோ எடுக்காதீர்கள். 'குண்டு' என்று விளையாட்டுக்கும் சொல்லாதீர்கள். யார் கொடுத்த பார்சலானாலும் பிரித்துப் பார்க்காமல் வாங்காதீர்கள். வளைகுடாவுக்குப் போகிறவர்கள் கசகசா கொண்டு போகவே வேண்டாம். அங்கே அது போதைப்பொருள் கணக்கில் வரும்.

புகார் எழுதும் முறை

தவறு நடந்தால் அங்கேயே ஷிப்ட் பொறுப்பாளரை அழைக்கச் சொல்லுங்கள். தேதி, நேரம், விமான எண், எந்த வரிசை, சட்டையில் உள்ள பெயர் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். காமிரா பதிவு நெடுநாள் இருக்காது. எனவே ஊர் வந்து சேரும்வரை காத்திருக்காமல் அன்றே எழுதுங்கள். விமான நிலையத் தலைமைப் பாதுகாப்பு அதிகாரி, விமான நிலைய இயக்குநர், பி.சி.ஏ.எஸ். ஆகிய மூவருக்கும் ஒரே கடிதத்தை அனுப்பலாம். மத்திய அரசின் பொதுக் குறைதீர்ப்பு இணையதளத்தில் பதிந்தால் ஓர் எண் கிடைக்கும், அதைப் பத்திரப்படுத்துங்கள்.

சி.ஐ.எஸ்.எஃப்.புக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்திலிருந்து விலக்கு உண்டு. ஆனால் ஊழல், மனித உரிமை மீறல் பற்றிய குற்றச்சாட்டு என்றால் அந்த விலக்கு பொருந்தாது என்று 24-வது பிரிவே சொல்கிறது. கண்ணியம் குலைக்கப்பட்டிருந்தால் தேசிய மனித உரிமை ஆணையத்துக்கு ஓராண்டுக்குள் எழுதலாம். தமிழிலேயே எழுதலாம், கட்டணம் இல்லை.

அந்தத் தாயார் சார்பில் நாங்களும் எழுதினோம். மாதங்கள் கடந்துவிட்டதால் பதிவு இல்லை என்றும், ஊழியர்களுக்கு அறிவுறுத்தியிருப்பதாகவும் நாலு வரிப் பதில் வந்தது. மகன் அதைப் போனில் படித்துக் காட்டியிருக்கிறார். "நான் சொன்னதை யாரோ படிச்சிருக்காங்கல்ல" என்றாராம். துபாய் போவதைப் பற்றி அவர் இன்னும் முடிவு சொல்லவில்லை.

பயணம் புறப்படும் முன் அறக்கட்டளை அலுவலகத்துக்கு வாருங்கள். ஞாயிறு அஸருக்குப் பிறகு இருப்போம். சீட்டு எழுதித் தருவதும், திரும்பி வந்தபின் தேவைப்பட்டால் புகார் எழுதித் தருவதும் எங்கள் பொறுப்பு. உங்கள் ஸஃபரை அல்லாஹ் லேசாக்கி வைப்பானாக. வஸ்ஸலாம்.

செயலாளர்