கூரையில்லா மனிதர்கள் – 9: முதலில் சாவி

இரவுக் காப்பகங்களைக் கூட்டிக்கொண்டே போனாலும் தெருவில் படுப்பவர்கள் ஏன் குறைவதில்லை என்று சென்ற வாரம் பார்த்தோம். ஆண்டுக்கணக்கில் தெருவில் கிடப்பவரிடம் பெரும்பாலான நகரங்கள் சொல்வது இதுதான்: குடியை விடு, மருந்தை ஒழுங்காகச் சாப்பிடு, காப்பகத்தில் கட்டுப்பாடாக இருந்து காட்டு, அப்புறம் வீட்டைப் பற்றிப் பேசலாம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் விடிந்ததும் படுக்கையைக் காலி செய்ய வேண்டியவர் மாத்திரையை எங்கே வைப்பார்? இன்சுலினை எந்த ஃப்ரிட்ஜில் வைப்பார்? வீட்டுக்கு முன்நிபந்தனையாகக் கேட்கப்படுபவை பெரும்பாலும் வீடு இருப்பவருக்கே கைகூடுபவை.

இந்த வரிசையை 1992-ல் நியூயார்க்கில் உளவியலாளர் சாம் செம்பெரிஸ் மாற்றிப் போட்டார். அவர் தொடங்கிய ‘பாத்வேஸ் டு ஹவுசிங்’, மனநோயோடு தெருவில் வாழ்ந்தவர்களுக்கு முதலில் வாடகை ஃப்ளாட்டின் சாவியைக் கொடுத்தது. சிகிச்சையும் ஆலோசனையும் வீடு தேடி வரும். ஏற்பதும் மறுப்பதும் அவர்கள் விருப்பம். 2008-ல் பின்லாந்து இதையே தேசியத் திட்டமாக்கியது. ஹெல்சின்கியில் வரிசையாகக் கட்டில் போட்டிருந்த இரட்சணிய சேனையின் பழைய விடுதி, சுமார் 80 தனி ஃப்ளாட்டுகளாக மாறியது. படுக்கைக்குக் காத்திருந்தவர்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு வாடகைதாரர் ஆனார்கள். 1980-களின் பிற்பகுதியில் 18,000-ஐத் தாண்டியிருந்த அந்நாட்டின் வீடற்றோர் எண்ணிக்கை 2023-ல் 3,429. இடைப்பட்ட சரிவு முழுவதும் இந்த ஒரு திட்டத்தால் வந்ததல்ல. அதற்கு முன்பிருந்தே நடந்த வீட்டு வசதிப் பணிகளுக்கும் அதில் பங்குண்டு.

குடிப்பவருக்கு வீடு கொடுப்பது குடிக்குப் பரிசு கொடுப்பதாகாதா என்று கேட்பார்கள். 2009 முதல் 2013 வரை கனடாவின் ஐந்து நகரங்களில் 2,000-க்கு மேற்பட்டோரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி ஆராய்ந்தார்கள். கடைசி ஆறு மாதமும் இடைவிடாமல் வீட்டில் இருந்தவர்கள், முதலில் வீடு பெற்ற பிரிவில் 62 சதவீதம். வழக்கமான உதவி பெற்ற பிரிவில் 31 சதவீதம். போதைப் பழக்கத்தில் இரு பிரிவுக்கும் பெரிய வேறுபாடில்லை. ஆக, வீடு போதையைத் தீர்ப்பதில்லை, வீடின்மையைத் தீர்க்கிறது. நம் பக்கத்து வீட்டுக்காரர் குடிக்கிறார் என்பதற்காக அவர் வீட்டை யாரும் பிடுங்குவதில்லையே.

செலவுக்கு என்ன வழி என்பது அடுத்த கேள்வி. மருத்துவமனைக்கும் காவல் நிலையத்துக்கும் ஓயாமல் போய்வந்த, அதிகச் செலவு வைத்த பத்து சதவீதத்தினருக்கு, கனடாவில் போட்ட 10 டாலருக்கு 21.72 டாலர் மிச்சமானது. மற்றவர்கள் விஷயத்தில் போட்ட பணத்தில் ஒரு பகுதிதான் திரும்பியது. எனவே இதை வெறும் சிக்கனத் திட்டமென்று விற்பது தவறு. பணக்கார நாட்டுக்குத்தான் இது சரிப்படும் என்ற வாதமும் முழுமையானதல்ல. சென்னையில் ‘தி பேன்யன்’ அமைப்பு 2015 முதல் நடத்திவரும் ‘ஹோம் அகெய்ன்’, நீண்ட காலம் மனநலக் காப்பகங்களில் இருந்தவர்களை, நாலைந்து பேராகச் சாதாரணத் தெருக்களில் வாடகை வீடெடுத்துக் குடிவைக்கிறது.

உண்மையான தடை வேறு. கொடுப்பதற்கு வீடு இருக்க வேண்டும். வாடகை கட்டவும் வழி இருக்க வேண்டும். பின்லாந்து 2024-ல் வீட்டு உதவித்தொகையைக் குறைத்தது. ஆண்டு முடிவில் வீடற்றோர் 3,806 ஆகியிருந்தார்கள். பல ஆண்டுகளுக்குப் பின் வந்த முதல் ஏற்றம் அது. வாடகைக்கு ஆண்டுதோறும் பணம் ஒதுக்காத அரசு, சாவியை ஒருமுறை கொடுத்துப் படம் எடுத்துக்கொள்ளத்தான் முடியும். அந்த வீடுகளை யார் கட்டுவது, எந்தப் பணத்தில் கட்டுவது என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)