மூடியில் ஒரு பெயர். உள்ளே வேறு சரக்கு!

மலிவு விலை 'மினி லேப்டாப்'பை இனம் காண்பது எப்படி?

கோலார் தங்கவயல்:

தங்கவயல்காரர்களுக்கு மாற்றுப் பார்ப்பது புதிய விஷயம் அல்ல. நூறு ஆண்டுகளுக்கு மேலாகப் பூமிக்கு அடியில் இருந்து தங்கம் எடுத்த ஊர் இது. நகைக்கடையில் "உரைத்துக் காட்டுங்க" என்று கேட்டுவிட்டுத்தான் இங்குள்ள பெரியவர்கள் மடியை அவிழ்ப்பார்கள்.

அப்படிப்பட்ட ஊரில், லேப்டாப் வாங்கும்போது மட்டும் மூடியில் ஒட்டியிருக்கும் பெயரைப் பார்த்துப் பணத்தை எண்ணிக் கொடுத்துவிடுகிறார்கள்!

2001-ம் ஆண்டு பிப்ரவரி 28-ந் தேதி சுரங்கம் மூடப்பட்டது. அதன் பிறகு ஊரின் பிழைப்பு பெங்களூர் ரெயிலில்தான் ஓடுகிறது. மாரிக்குப்பத்திலும், சாம்பியனிலும், உரிகத்திலும் ஏறி, பங்காருபேட்டை வழியாகப் பெங்களூர் போய், காவலாளியாகவும் கடைச் சிப்பந்தியாகவும் கணக்கு எழுதுபவராகவும் வேலை பார்த்துவிட்டு இரவில் திரும்புகிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். சம்பள நாளில் எஸ்.பி. ரோட்டிலோ மெஜஸ்டிக் பக்கத்திலோ பிள்ளைக்கு ஒரு சின்ன லேப்டாப் வாங்கி, துணிப்பையில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு வருகிறவர்களை அந்த வண்டியில் பார்க்கலாம்.

பழசு, புதுசு, 'எக்ஸ்போர்ட் சரக்கு', 'கம்பெனி சரக்கு' என்று அதற்குப் பல பெயர். வீட்டுக்கு வந்த பிறகுதான் வில்லங்கம் தொடங்குகிறது.

"நீ நினைக்கிற விண்டோஸ் இல்லை"

ராபர்ட்சன்பேட்டையில் பழுது பார்க்கும் கடைகளில் அடிக்கடி நடக்கும் பேச்சு இது:

"அண்ணே, விண்டோஸ் போட்டதுன்னு சொல்லித்தான் கொடுத்தான். பையன் பாடத்துக்கு ஒரு புரோகிராம் ஏத்துனா, ஏறவே மாட்டேங்குது."

"விண்டோஸ்தான் தம்பி. ஆனா நீ நினைக்கிற விண்டோஸ் இல்லை."

கடைக்காரர் சொல்வது உண்மை. 7 அங்குலத் திரை கொண்ட அந்த மெஷினில் இருப்பது 'விண்டோஸ் சி.இ.' என்பது. சிறு கருவிகளுக்கென்று மைக்ரோசாப்ட் கம்பெனி தனியாகச் செய்தது. ஸ்டார்ட் பொத்தான் உண்டு, ஜன்னல் படம் உண்டு, பார்வைக்கு அசல் அண்ணன் தம்பி போல இருக்கும். ஆனால் ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஓடும் கணக்குப் புரோகிராமோ, தமிழ் டைப் அடிக்கும் புரோகிராமோ அதில் ஓடாது. காரணம், உள்ளே இருக்கும் 'சிப்' வேறு ஜாதி. இன்டெல் மொழி தெரியாத சிப்பிடம் இன்டெல் மொழியில் பேசினால் அது என்ன செய்யும்?

மூன்றாயிரம் ரூபாய் என்பது பெங்களூரில் காபி குடிக்கிறவனுக்குச் சின்னத் தொகையாக இருக்கலாம். இரவுக் காவல் பார்க்கிறவருக்கு அது பல நாள் கூலி. ஆகவே, வாங்குவதற்கு முன்பே சரக்கு எந்த ரகம் என்று தெரிந்துகொள்வது நல்லது.

ஒரே உடம்பு, பல பெயர்

இந்த லேப்டாப்புகளைப் பெயருக்கு உரிய கம்பெனிகள் பெரும்பாலும் செய்வதில்லை. சீனாவில், முக்கியமாக ஷென்ஜென் நகரத்தைச் சுற்றியுள்ள தொழிற்சாலைகளில், கூடு, போர்டு, திரை எல்லாம் சேர்த்து மொத்தமாகத் தயாராகின்றன. ஆயிரம், இரண்டாயிரம் என்று வாங்கும் வியாபாரி, தன் பெயரை மூடியில் அச்சடித்துக்கொள்கிறார். ஒரே மில் துணிக்கு ஒவ்வொரு ஜவுளிக்கடையும் தன் முத்திரையைக் குத்துவது போலத்தான்.

2008-ம் ஆண்டு வாக்கில் வந்த 'ஸ்கைடோன் ஆல்ஃபா 400' இதற்கு நல்ல உதாரணம். இன்ஜெனிக் என்ற சீனக் கம்பெனியின் சிப், 128 மெகாபைட் நினைவகம், 7 அங்குலத் திரை. இதே மெஷின் இங்கிலாந்தில் 'சி.என்.எம். மினி புக்' என்றும், 'எலோனெக்ஸ் ஒன்-டி' என்றும் விற்றது. வேறு நாடுகளில் 'டிரெண்ட்டாக்' ஆயிற்று. பெயர் நாலு, ஆள் ஒருவன்.

அடுத்து வந்தது தைவான் நாட்டு வியா கம்பெனியின் சிப். 'வி.டி. 8500' என்பது முதலாவது. பிறகு அந்தக் கம்பெனியின் கிளையான 'ஒண்டர்மீடியா' பெயரில் 8505, 8650, 8850 என்று வரிசையாக வந்தன. உலகத்தில் பெயர் இல்லாமல் விற்ற மினி லேப்டாப்புகளில் பெரும் பங்கு இந்தக் குடும்பம்தான். அமெரிக்காவில் மின்சார பல்புக்குப் பேர் போன 'சில்வேனியா' என்ற பெயரை ஒட்டி, 2010-ம் ஆண்டு வாக்கில் மருந்துக் கடையில் 100 டாலருக்கு விற்றார்கள். தலைவலி மாத்திரை வாங்கப் போனவர் லேப்டாப்போடு திரும்பினார்!

இதில் 8505-க்கும் 8650-க்கும் வெளித்தோற்றத்தில் வித்தியாசமே கிடையாது. கூடு ஒன்று, விசைப்பலகை ஒன்று. பெரும்பாலும் 8505-ல் விண்டோஸ் சி.இ. அல்லது ஆண்ட்ராய்டு 1.6 இருக்கும், 8650-ல் ஆண்ட்ராய்டு 2.2, 8850-ல் ஆண்ட்ராய்டு 4. "பெரும்பாலும்" என்று சொல்வதற்குக் காரணம், இடையில் யாராவது மாற்றி ஏற்றியிருக்கலாம்.

இன்னொரு சிக்கல் இதைவிடப் பெரிது. வேறு வேறு பெயருக்குள் ஒரே போர்டு இருப்பது போல, ஒரே பெயருக்குள் வேறு வேறு போர்டும் இருக்கும். அந்த வாரம் சந்தையில் எந்த வைஃபை சிப் மலிவோ அதைப் போட்டு அனுப்பிவிடுவார்கள். அண்ணனும் தம்பியும் ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கினாலும், அண்ணனுடையதில் வேலை செய்யும் சாப்ட்வேர் தம்பியுடையதைக் கொன்றுவிடலாம்.

'ஆகாஷ்' கதை

இது தெருவோரச் சரக்கில் மட்டும் நடப்பது அல்ல. மத்திய அரசின் 'ஆகாஷ்' பலகைக் கணினி நினைவிருக்கும். 2011-ம் ஆண்டு அக்டோபர் 5-ந் தேதி டெல்லியில் மந்திரி கபில் சிபல் வெளியிட்டார். அரசு வாங்கிய விலை 2 ஆயிரத்து 276 ரூபாய். உள்ளே 366 மெகா ஹெர்ட்ஸ் வேகமுள்ள கோனெக்சன்ட் சிப்; 256 மெகாபைட் நினைவகம்.

அடுத்த ஆண்டு நவம்பர் 11-ந் தேதி ஜனாதிபதி பிரணாப் முகர்ஜி 'ஆகாஷ்-2' வெளியிட்டார். அதில் இருந்ததோ ஒரு கிகா ஹெர்ட்ஸ் ஆல்வின்னர் சிப்; நினைவகம் இரட்டிப்பு. பெயரில் ஓர் எண்தான் கூடியது, உள்ளே இருந்தது முற்றிலும் வேறு மெஷின். அதே கம்பெனி கடையில் விற்றபோது 'யூபிஸ்லேட்' என்று பெயர் வைத்தது. 'ஆகாஷ் இருக்கிறது' என்று யாராவது விற்க வந்தால் 'எந்த ஆகாஷ்?' என்று கேட்கவேண்டிய நிலைமை.

மெஷினே சொல்லும் சாட்சி

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் சார்ஜரைப் பார்க்க வேண்டும். வாசகர்கள் பலர் இதை அலட்சியமாக நினைப்பார்கள். ஆனால் மெஷினைக் கொல்வது பெரும்பாலும் இதுதான். பழைய 7 அங்குல ரகங்களில் பலவற்றுக்கு 9 வோல்ட். சிலவற்றுக்கு 5 வோல்ட். பெரிய ரகங்களில் 12 வோல்ட்டும் உண்டு. செருகும் முனை மட்டும் ஒன்றுபோலவே இருக்கும்! 5 வோல்ட் மெஷினில் 9 வோல்ட்டைக் குத்தினால், பிறகு போர்டை மாற்றுவதைத் தவிர வழியில்லை. எனவே, அடிப்பாகத்தில் எழுதியிருக்கும் வோல்ட்டும் சார்ஜரில் எழுதியிருக்கும் வோல்ட்டும் ஒன்றுதானா என்று கடையிலேயே படித்துப் பார்க்க வேண்டும்.

ஆண்ட்ராய்டு ரகமானால், 'செட்டிங்ஸ்' பகுதியின் கடைசியில் மாடல் பெயர் இருக்கும். அதை நம்பவேண்டாம். அது வெறும் எழுத்து. யாரும் மாற்றி எழுதலாம். சிப்பிடமே கேட்டுச் சொல்லும் 'சி.பி.யு.-இசட்' போன்ற இலவச புரோகிராமை ஓடவிட்டால், அங்கே ஓரளவு உண்மை வரும். ஒண்டர்மீடியா குடும்பமானால் 'டபிள்யூ.எம்.டி.' என்ற எழுத்துகள் தலைகாட்டும்.

விண்டோஸ் 10 ஓடும் ரகமானால் வேலை எளிது. தேடும் கட்டத்தில் 'எம்.எஸ். இன்ஃபோ 32' என்று ஆங்கிலத்தில் அடித்தால் ஒரு பட்டியல் விரியும். அதில் சிப்பின் பெயர், நினைவகம், போர்டு செய்தவர் பெயர் எல்லாம் வரும். மலிவு ரகங்களில் போர்டு செய்தவர் பெயருக்கு நேரே பல சமயம் 'டு பி ஃபில்டு பை ஓ.இ.எம்.' என்று இருக்கும். 'தயாரிப்பாளர் நிரப்பவேண்டிய இடம்' என்று அர்த்தம். அதாவது, பாரத்தை நிரப்பாமலே சீல் வைத்து அனுப்பியிருக்கிறார்கள்! ஆபீசில் இப்படி ஒரு பாரம் வந்தால் எந்தக் குமாஸ்தாவும் வாங்கமாட்டார்.

எல்லாவற்றுக்கும் மேலான சாட்சி, கூட்டைத் திறந்து பார்ப்பது. போர்டின் மேல் வெள்ளை எழுத்தில் ஓர் எண்ணும், பல சமயம் தேதியும் அச்சாகியிருக்கும். சிப்பின் முதுகில் அதன் பெயர் இருக்கும். அந்தப் போர்டு எண்தான் மெஷினின் உண்மையான பெயர். அதைச் செல்போனில் படம் பிடித்து வைத்துக்கொள்ளவேண்டும். கடையில் திறக்க விடமாட்டார்கள் என்பது வாஸ்தவம்தான். பழுது பார்க்கத் திறக்கும் முதல் நாளிலாவது இதைச் செய்யலாம்.

கார்டைச் செருகினால் ஆபத்து

ஒண்டர்மீடியா மெஷின்களில் ஒரு வினோதம் உண்டு. 'ஸ்கிரிப்ட்' என்ற பெயருள்ள மடலும் அதற்குரிய கட்டளையும் உள்ள மெமரி கார்டைச் செருகிவிட்டு சுவிட்சைப் போட்டால், மெஷின் யாரையும் கேட்காமல் பழையதை அழித்துப் புதியதை ஏற்றிக்கொள்ளும். சரியான போர்டுக்கு உரியது என்றால் செத்த மெஷின் பிழைக்கும். வேறு போர்டுக்கு உரியது என்றால் திரை இருண்டு போகும், அல்லது வைஃபை வேலை செய்யாது. 'நண்பன் கொடுத்த கார்டு' என்று போட்டுப் பார்த்துவிட்டுக் கடைக்கு ஓடி வருகிறவர்கள் உண்டு. போர்டு எண் தெரியாமல் கார்டைத் தொடக்கூடாது.

பத்தாயிரம் ரூபாய் ரகம்

2015, 2016-ம் ஆண்டுகளில் இன்னொரு அலை வந்தது. மைக்ரோமேக்ஸ் 'லேப்புக்', ஐபால் 'காம்ப்புக்', ஐதராபாத் ஆர்.டி.பி. கம்பெனியின் 'தின்புக்' எல்லாம் அந்தக் காலத்தவை. பின்னவை இரண்டும் 9 ஆயிரத்து 999 ரூபாயில் விற்பனைக்கு வந்தன. பெயர் வேறானாலும் எல்லாவற்றிலும் இன்டெல் 'ஆட்டம்' வகை சிப், 2 ஜி.பி. நினைவகம், 32 ஜி.பி. சேமிப்பு. அதே உள்ளடக்கத்தோடு பெயர் தெரியாத கூடுகளும் ஏராளம்.

இவை உண்மையான விண்டோஸ் ஓடும் மெஷின்கள்தான். ஆனால் இதிலும் வைஃபை சிப்பும், தொடுபலகையும் மாறி மாறி இருக்கும். விண்டோசை அழித்துப் புதிதாக ஏற்றினால் வைஃபை காணாமல் போய்விடும். டிரைவர் தேடிப் போனால் அந்தக் கம்பெனியின் தளமே இருக்காது. ஆகவே எதையும் அழிக்கும் முன்பு, உள்ளே இருக்கும் டிரைவர்களை ஒரு பென்டிரைவில் பிரதி எடுத்துக்கொள்ள வேண்டும். லினக்ஸ் ஏற்ற நினைப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: 'இசட்3735எஃப்' என்ற சிப் 64 பிட் ரகம்; ஆனால் அதை எழுப்பிவிடும் புரோகிராம் பல மெஷின்களில் 32 பிட். சாதாரண 64 பிட் லினக்ஸ் பென்டிரைவைச் செருகினால் கண் திறக்காது.

இன்று வாங்கலாமா?

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் கொடுத்து வந்த பாதுகாப்பு ஆதரவு 2025-ம் ஆண்டு அக்டோபர் 14-ந் தேதியுடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏற்றக் குறைந்தது 4 ஜி.பி. நினைவகமும், 64 ஜி.பி. சேமிப்பும் வேண்டும். ஆகவே அந்த 'ஆட்டம்' ரகங்கள் தகுதி இழந்தன. பழைய 7 அங்குல ஆண்ட்ராய்டு ரகங்களின் நிலைமை இன்னும் மோசம். ஆண்ட்ராய்டு 2.3.7 மற்றும் அதற்கு முந்திய எதிலும் 2021-ம் ஆண்டு செப்டம்பர் 27-ந் தேதி முதல் கூகுள் கணக்கில் நுழைய முடியாது. 'பிள்ளை ஆன்லைனில் படிப்பான்' என்று நினைத்து அவற்றை வாங்குவது வீண். டைப் அடித்துப் பழகவோ, கையால் பிரித்துக் கற்றுக்கொள்ளவோ சில நூறு ரூபாய்க்குக் கிடைத்தால் சரி.

ரசீது அவசியம்

இந்தியாவில் விற்கும் லேப்டாப்புக்கும் சார்ஜருக்கும் இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பதிவு கட்டாயம். லேப்டாப்புக்கு இது 2013-ம் ஆண்டில் இருந்து நடைமுறையில் இருக்கிறது. அடிப்பாகத்தில் 'ஆர்' என்ற ஆங்கில எழுத்தும், அதை அடுத்து 8 இலக்க எண்ணும் இருக்கும். செல்போனில் 'பி.ஐ.எஸ். கேர்' என்ற செயலியில் அந்த எண்ணை அடித்தால், எந்தத் தொழிற்சாலை செய்தது, எந்தப் பெயருக்குச் செய்தது என்று வரும். மூடியில் உள்ள பெயரும் அங்கே வரும் பெயரும் வேறானால் விலகிவிடலாம். எண்ணே இல்லை என்றால் பேரம் பேசவே வேண்டாம்.

ரசீதில் 'லேப்டாப் - 1' என்று மட்டும் எழுதிக் கொடுப்பார்கள். சிப் பெயர், நினைவகம், சேமிப்பு மூன்றையும் எழுதச் சொல்லி வாங்க வேண்டும். சொன்னது ஒன்று, கொடுத்தது வேறு என்றால் அந்த ரசீதுதான் ஆதாரம்.

பெங்களூரில் வாங்கிய சரக்குக்குப் பெங்களூர் போய்த்தான் வழக்குப் போடவேண்டும் என்று இங்கு பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கியவர் குடியிருக்கும் இடத்திலேயே புகார் செய்யலாம். தங்கவயல்காரர்களுக்குக் கோலாரில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையம் போதும். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்துக்கொள்ள வேண்டிய கட்டாயமும் இல்லை. 2 ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்க வேண்டும். அதற்கு முன் 1915 என்ற எண்ணுக்கு டெலிபோன் செய்து முறையிட்டால், பல சமயம் கடைக்காரரே கூப்பிட்டுப் பேசுகிறார்.