'பின்செல்' பொத்தானை அழுத்தினால் பதில்கள் எங்கே போகின்றன?

இயங்கலைப் புதிரில் இருபது கேள்விகள். பதினெட்டாவது கேள்விக்கு வந்துவிட்டீர்கள். முந்தைய கேள்வியில் ஒரு சந்தேகம். உலாவியின் 'பின்செல்' பொத்தானை அழுத்துகிறீர்கள். புதிரே மறைந்து, அதற்கு முன் பார்த்த பக்கம் வருகிறது! புதிரை மறுபடி திறந்தால் முதல் கேள்வி. குறித்த பதில் ஒன்றுகூட இல்லை. என் மாணவி ஒருவர் இப்படித்தான் கண்கலங்கி நின்றார். தவறு அவருடையதன்று. அந்தப் புதிரை உருவாக்கியவர் இரண்டு வேலைகளைச் செய்யாமல் விட்டுவிட்டார்.

முதல் வேலை, வந்த வழியைப் பதிவு செய்வது. நீங்கள் பார்க்கும் பக்கங்களை உலாவி, சிற்றுண்டிச்சாலைத் தட்டுகளைப்போல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிறது. பின்செல்லை அழுத்தினால் மேல்தட்டு விலகி, அடுத்த தட்டு தெரியும்.

ஆனால், இன்றைய செயலிகள் பலவற்றில் ஒரே ஒரு பக்கம்தான் இறங்குகிறது. அதற்குள்ளேயே ஜாவாஸ்கிரிப்ட் நிரல் காட்சிகளை மாற்றுகிறது. உங்கள் கண்ணுக்குப் பதினெட்டுக் காட்சிகள். உலாவியின் கணக்கில் ஒரே தட்டு!

இதற்குத் தீர்வு, எச்.டி.எம்.எல்.5 கொண்டுவந்த 'புஷ்ஸ்டேட்' கட்டளை. காட்சி மாறும்போது, புதுப் பக்கத்தை இறக்காமலேயே அடுக்கில் ஒரு தட்டைச் சேர்க்க இது உதவுகிறது. பின்செல்லை அழுத்தியதும் உலாவி நிரலுக்குத் தகவல் தரும். நிரல் முந்தைய கேள்வியைக் காட்டும்.

இரண்டாவது வேலை, பதில்களைப் பாதுகாப்பது. இணையப் பக்கங்களை அனுப்பும் எச்.டி.டி.பி. விதிமுறைக்கு ஞாபகசக்தி கிடையாது. ஒவ்வொரு கோரிக்கையும் அதற்குப் புதியதே. ஆகவே, பதில்களை எங்கே வைப்பது என்பதை நிரலாளரே முடிவு செய்ய வேண்டும்.

• பக்கத்தின் தற்காலிக நினைவு: வேகமானது. பக்கத்தைப் புதுப்பித்தால் அழிந்துவிடும்.

• உலாவியின் 'செஷன் ஸ்டோரேஜ்': புதுப்பித்தாலும் அழியாது. தாவலை மூடினால் அழியும்.

• சேவையகம்: வேறு கணினியில் நுழைந்தாலும் கிடைக்கும். ஆனால், இணைய இணைப்பு வேண்டும்.

நீண்ட புதிருக்கு, ஒவ்வொரு பதிலையும் குறித்த உடனேயே சேவையகத்துக்கு அனுப்பிவிடுவது நல்லது.

அப்படியானால் எல்லாவற்றையும் சேமித்துவிடலாமே? கூடாது. நூலகக் கணினியில் உங்கள் அடையாள அட்டை எண்ணைத் தட்டச்சு செய்துவிட்டு எழுந்து போகிறீர்கள். அடுத்து அமர்பவர் பின்செல்லை அழுத்தினால் அந்த எண் திரையில் தெரியலாமா? எதை நினைவில் வைப்பது என்பதோடு, எதை மறப்பது என்பதையும் நிரலாளர் யோசிக்க வேண்டும். நீங்களும் பொதுக் கணினியில் வேலை முடிந்ததும் கணக்கிலிருந்து வெளியேறி, உலாவியை மூடிவிடுங்கள்.

கணினி அறிவியல் பாடத்துக்காக ஒரு செயலி செய்கிறீர்களா? அதை நண்பரிடம் கொடுங்கள். பாதி வேலையில் பின்செல்லை அழுத்தச் சொல்லுங்கள். பிறகு பக்கத்தைப் புதுப்பிக்கச் சொல்லுங்கள். கடைசியாக, மூடித் திறக்கச் சொல்லுங்கள். மூன்றுக்குப் பிறகும் அவர் விட்ட இடத்திலிருந்து தொடர முடிந்தால், உங்கள் செயலி தேர்ச்சி பெற்றுவிட்டது!