நிறுத்த இடம் தேடி அலையும் வாடகைக் கார்கள்

புது தில்லி: தலைநகரைச் சுற்றிப் பார்க்க வருபவர்கள் ஓட்டுநர் இல்லாமல் வாடகைக்குக் கார் எடுத்து, தாங்களே ஓட்டிச் செல்வது பெருகி வருகிறது. ஆனால் காரை எடுப்பது எளிது, நிறுத்துவதுதான் கடினம் என்பது கனாட் பிளேஸின் வட்டச் சாலையை இரண்டு முறை சுற்றி வந்ததும் புரிந்துவிடும்.

இத்தகைய கார்களை அடையாளம் காண்பது எளிது. கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்துகளில் பதிவெண் இருந்தால், அது வாடகைக்கு எடுத்தவரே ஓட்டும் கார். ஓட்டுபவர் ஊருக்குப் புதியவர் என்பதை வாகன நிறுத்துமிட ஊழியர்களும் ஊகித்துவிடுகின்றனர். ரசீது தராமல் கேட்ட தொகையை வாங்கிக்கொள்ளும் ஆசாமிகளிடம் சிக்குபவர்களில் வெளியூர்க்காரர்களே அதிகம்.

இடமோ குறைவு, வாகனங்களோ ஏராளம். 10 ஆண்டுகளைக் கடந்த டீசல் வாகனங்கள், 15 ஆண்டுகளைக் கடந்த பெட்ரோல் வாகனங்கள் ஆகியவற்றின் பதிவு பெருமளவில் நீக்கப்பட்ட பிறகும், 2021-22-ல் தில்லியில் சுமார் 79 லட்சம் வாகனங்கள் கணக்கில் இருந்தன. குடியிருப்புத் தெருக்களிலும் இரு பக்கமும் கார்கள் நிற்பதால், தீயணைப்பு வண்டியோ ஆம்புலன்ஸோ நுழைய வழியில்லாத நிலை பல இடங்களில் உள்ளது.

யாருடைய எல்லை?

புதியவர்களைக் குழப்பும் மற்றொரு விஷயம் நிர்வாக எல்லை. கனாட் பிளேஸ், கான் மார்க்கெட், சரோஜினி நகர் போன்றவை புது தில்லி நகராட்சி கவுன்சிலின் கீழ் வருகின்றன. கரோல் பாக், சாந்தினி சௌக் ஆகியவை தில்லி மாநகராட்சியைச் சேர்ந்தவை. கட்டணத்தை அந்தந்த அமைப்பே வசூலிக்கிறது. விதிமீறலுக்கு அபராதம் விதிப்பதோ போக்குவரத்து போலீஸார்.

குளிர்காலத்தில் காற்று மாசு அதிகரித்தால் செலவும் கூடும். மாசுத் தடுப்புச் செயல்திட்டத்தின் 2-ம் கட்டம் அமலுக்கு வரும்போது, சொந்த வாகனப் பயன்பாட்டைக் குறைக்க நிறுத்தக் கட்டணத்தை உயர்த்த வேண்டும் என்பது விதி.

சாந்தினி சௌக்கில் நிலைமை வேறு. செங்கோட்டை முதல் ஃபதேபுரி மசூதி வரையிலான சுமார் 1.3 கி.மீ. சாலை சீரமைக்கப்பட்டு 2021-ல் திறக்கப்பட்டது. காலை 9 மணி முதல் இரவு 9 மணி வரை மோட்டார் வாகனங்களுக்கு அங்கு தடை உண்டு. கைப்பேசி வரைபடத்தை மட்டுமே நம்பிச் செல்பவர்கள் இத்தடையில் மாட்டிக்கொள்ள நேரிடும்.

ஊர் திரும்பிய பின் வரும் அபராதம்

2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, தனித் தண்டனை குறிப்பிடப்படாத விதிமீறல்களுக்கு முதல் முறை ரூ. 500 வரையும், மறுமுறை ரூ. 1,500 வரையும் அபராதம் விதிக்கலாம். கிரேன் மூலம் கார் அகற்றப்பட்டால் அதற்கான கட்டணம் தனி.

வாடகைக் கார் விஷயத்தில் சிக்கல் இங்குதான் தொடங்குகிறது. மின்னணு அபராதச் சீட்டு பதிவு பெற்ற உரிமையாளருக்கே, அதாவது வாடகை நிறுவனத்துக்கே செல்கிறது. நிறுவனமோ ஒப்பந்தப்படி அதை வாடிக்கையாளரின் முன்பணத்தில் கழித்துக்கொள்கிறது. தகவல் கிடைக்கும்போது வாடிக்கையாளர் ஊர் திரும்பியிருப்பார். சரியான இடத்தில்தான் நிறுத்தினேன் என்று வாதாட அவர் கையில் ஆதாரம் எதுவும் இருக்காது.

இதைத் தவிர்க்கச் சில எளிய வழிகள் உண்டு. ஒப்பந்தத்தில் அபராதம் பற்றிய பகுதியைக் கையெழுத்திடும் முன் படிக்க வேண்டும். ரசீது தராதவரிடம் பணம் கொடுக்கக் கூடாது. அறிவிப்புப் பலகையும் காரும் சேர்ந்து தெரியும்படி, நேரத்துடன் புகைப்படம் எடுத்து வைக்கலாம். கார் காணாமல் போனால் பதற்றமடையாமல், போக்குவரத்து போலீஸாரின் 1095 என்ற எண்ணில் முதலில் விசாரிக்கலாம். அது திருடுபோகாமல், கிரேனில் ஏற்றப்பட்டிருக்கவும் கூடும்.

நிறுத்தக் கட்டணம் நிலத்தின் மதிப்பைப் பிரதிபலிக்க வேண்டும் என 2006-ம் ஆண்டின் தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை கூறியது. வாகன நிறுத்துமிடங்களைப் பராமரிக்கத் தில்லியில் 2019-ல் தனி விதிகளும் வந்தன. விதிகள் தாளில் இருக்க, தெருவில் இடம் மட்டும் இல்லை.

ஆக்ரா போன்ற தொலைதூரப் பயணத்துக்கு வாடகைக் கார் உதவலாம். சாந்தினி சௌக்குக்கும் கனாட் பிளேஸுக்கும் போக, காரைத் தங்கும் விடுதியிலேயே விட்டுவிட்டு மெட்ரோ ரயில் ஏறுவதுதான் பர்ஸுக்கும் மனதுக்கும் நல்லது.