நெட் மெதுவா இருக்கா, மெதுவாக்குறாங்களா?

போன எபிசோடுக்கு அப்புறம் ஒரு கேள்வி வந்திருந்துச்சு: "நெட் ஸ்லோவா இருந்தா அது நெரிசலா, இல்ல யாரோ வேணும்னே பண்றாங்களான்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?" இதுக்கு ரெண்டு வரியில பதில் சொல்லிடலாம்னுதான் உட்கார்ந்தேன். ஆனா இதே கேள்வியை வச்சுக்கிட்டு நான் ஒரு வாரம் தூங்காம இருந்திருக்கேன். அதனால அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

2012 கடைசி. வீடு ஆம்பூர், காலேஜ் வேலூர். வெளியூர்க்காரங்களுக்கு ஆம்பூர்னா பிரியாணி. எனக்கு அந்த வருஷம்னா ரெண்டு விஷயம்தான் ஞாபகம் வரும். சாயங்காலம் வரிசையா வந்து ஆட்களை இறக்கிவிடற ஷூ கம்பெனி பஸ்கள், அப்புறம் கரண்ட் கட். சென்னைக்கு ரெண்டு மணி நேரம் கட்னா, எங்களை மாதிரி மாவட்டங்கள்ல ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல போகும். ஒரு மணி நேரம் இருக்கும், ஒரு மணி நேரம் இருக்காது.

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு எனக்கு உபுண்டு 12.04 வேணும். இலவச மென்பொருள், யாரு வேணா இறக்கிக்கலாம். ஃபைல் கிட்டத்தட்ட 700 எம்பி. எங்க வீட்டு பிராட்பேண்ட் 256 கேபிபிஎஸ். சிரிக்காதீங்க, 2004 பிராட்பேண்ட் கொள்கைப்படி 256 இருந்தாலே அதுக்குப் பேரு பிராட்பேண்ட்தான். அதை எட்டால வகுத்தா நொடிக்கு 32 கிலோபைட். 700 எம்பி இறங்க ஆறு மணி நேரத்துக்கு மேல ஆகும். கரண்ட் விட்டு விட்டு வந்தா பன்னிரண்டு மணி நேரம்.

பிரவுசர்ல போட்டா கரண்ட் போகும்போது எல்லாமே போயிடும், மறுபடி பூஜ்யத்துல இருந்து. ரெண்டு தடவை 80 சதவீதத்துல இழந்தேன். அதனால டோரண்ட். எங்க வீட்டு நிலைமைக்கு வேற வழி இல்ல.

டோரண்ட் எப்படி வேலை செய்யுதுன்னு எங்க ஊர்லயே ஒரு உதாரணம் இருக்கு. ஷூவோட மேல்பாகம், 'அப்பர்'னு சொல்வாங்க, அதைக் கையால தைக்கற வேலை நிறைய வீடுகளுக்குப் போகும். ஒரு ஆர்டரைப் பிரிச்சு இந்தத் தெருவுக்கு இவ்வளவு, அந்தத் தெருவுக்கு இவ்வளவுன்னு கொடுத்துடுவாங்க. ஒரு வீட்டுல அன்னிக்கு வேலை நடக்கலைன்னாலும் மத்த வீடுகள்ல நடக்கும். கடைசியில எல்லாத்தையும் வாங்கி, ஒவ்வொண்ணாச் செக் பண்ணி எடுத்துப்பாங்க. பிராம் கோஹன்னு ஒரு அமெரிக்கர் 2001ல வெளியிட்ட பிட்டோரண்ட் இந்த மாதிரிதான். ஃபைலை நூத்துக்கணக்கான துண்டாப் பிரிச்சுடும். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு கணக்கு முத்திரை இருக்கும், வந்த துண்டு சரியான்னு அதை வச்சுப் பார்த்துக்கும். ஒரே ஒரு வித்தியாசம், இங்க வீடுகள் ஒண்ணுக்கொண்ணு துண்டுகளை மாத்திக்கும். எனக்கு வந்த துண்டை நான் உங்களுக்குத் தருவேன், உங்ககிட்ட இருக்கறதை நான் வாங்கிப்பேன். கரண்ட் போச்சா? வந்து சேர்ந்த துண்டு அப்படியே இருக்கும். கரண்ட் வந்ததும் மீதியில இருந்து தொடரும்.

முதல் நாள் மத்தியானம் 28, 29 கிலோபைட் வந்துச்சு. சந்தோஷம். சாயங்காலம் ஆறு மணி தாண்டினதும் ரெண்டு, மூணுன்னு விழுந்துடுச்சு. சரி, ஊரே வேலை முடிஞ்சு வீட்டுக்கு வந்து நெட்டைத் திறக்குது, நெரிசல்னு நினைச்சேன். ஆனா அதே நேரத்துல வேற ஃபைலை பிரவுசர்ல இறக்கினா 30 வருது. டோரண்ட் மட்டும்தான் சாகுது. கஸ்டமர் கேருக்கு போன் பண்ணேன். "லைன் நல்லா இருக்கு சார், மோடத்தை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க." பண்ணேன். அவங்க சொல்லலைன்னாலும் தினம் அஞ்சு தடவை மின்வாரியமே அதைப் பண்ணிக்கிட்டுதான் இருந்துச்சு.

வேலூர் ஹாஸ்டல்ல இருந்த ஒரு ஃப்ரெண்டுகிட்ட புலம்பினேன். "மச்சான், செட்டிங்ஸ்ல என்க்ரிப்ஷன்னு ஒண்ணு இருக்கும். கட்டாயம்னு மாத்திப் பாரு"ன்னான். மாத்தினேன். ரெண்டு நிமிஷத்துல 27. எடுத்தேன், 3. போட்டேன், 27. மூணு நாள் சாயங்காலம் இதையே பண்ணிப் பார்த்தேன்.

நெரிசல்னா, பூட்டின பெட்டியும் பூட்டாத பெட்டியும் ஒரே வேகத்துலதான் போகணும். ரோடு அடைச்சுக்கிட்டா எல்லா லாரியும்தானே நிக்கும்? பூட்டினதும் ஒரு லாரி மட்டும் வேகமாப் போகுதுன்னா, யாரோ ஒருத்தர் ஒவ்வொரு லாரியா தார்ப்பாயை விலக்கிப் பார்த்து ஓரங்கட்டிக்கிட்டு இருந்திருக்கார்னு அர்த்தம். ஸ்பீடு கிடைச்சதுக்கு நான் சந்தோஷப்பட்டிருக்கணும். கோபம்தான் வந்துச்சு. காசு கட்டற எனக்கு இதை ஒரு வார்த்தை யாரும் சொல்லலையே!

ஐஎஸ்பி பக்க நியாயத்தையும் சொல்லணும். உங்களுக்கு வித்த 256ஐ அப்படியே எல்லாருக்கும் ஒதுக்கி எந்த நிறுவனமும் லைன் வாங்கி வைக்காது. எல்லாரும் ஒரே நேரத்துல முழு வேகத்துல இழுக்க மாட்டாங்கங்கற நம்பிக்கையில பல வீட்டுக்கு ஒரே குழாயைப் பிரிச்சுக் கொடுப்பாங்க. பக்கத்தைத் திறந்து படிக்கறவர் அப்பப்போதான் இழுப்பார். டோரண்ட் ராத்திரி பகலா இழுக்கும், மேலயும் ஏத்தும். இன்னொண்ணு, நெட்ல நெரிசல் வந்தா வேகம் ஆளுக்குச் சமமாப் பிரியாது, இணைப்புக்குச் சமமாப் பிரியும். நீங்க ஒரு இணைப்புல படம் பார்க்கறீங்க, பக்கத்து வீட்டுப் பையன் டோரண்ட்ல ஐம்பது இணைப்பு திறந்து வச்சிருக்கான்னா, அவனுக்கு ஐம்பது பங்கு, உங்களுக்கு ஒண்ணு. இது நிஜமான பிரச்சனைதான். ஆனா அதுக்கு ஆளுக்கு இவ்வளவுன்னு அளக்கலாமே. பள்ளிகொண்டா டோல்கேட்ல வண்டியோட சைஸைப் பார்த்துக் காசு வாங்கறாங்க. உள்ள என்ன சரக்குன்னு பார்த்து, இது எனக்குப் பிடிக்கலைன்னு நிறுத்தறது இல்லையே.

எப்படிக் கண்டுபிடிக்கறாங்கன்னு கேட்டா, ஆரம்பத்துல ரொம்ப ஈஸி. பிட்டோரண்ட் வழக்கமா 6881ல இருந்து 6889 வரைக்கும் உள்ள போர்ட்டுகளைப் பயன்படுத்தும், அதை மறிச்சாப் போதும். மென்பொருள்காரங்க போர்ட்டை மாத்தினாங்க. அப்புறம் ஐஎஸ்பிங்க பொட்டலத்தைத் திறந்து பார்க்க ஆரம்பிச்சாங்க. பிட்டோரண்ட்ல ரெண்டு கம்ப்யூட்டர் முதல்ல கைகுலுக்கும்போது 19ங்கற எண்ணை அனுப்பி, அடுத்ததா 'பிட்டோரண்ட் புரோட்டோகால்'ங்கற 19 எழுத்தையும் அனுப்பும். நெத்தியில பேரை எழுதி ஒட்டிக்கிட்டுப் போற மாதிரி. அதை மறைக்கத்தான் நான் டிக் பண்ண என்க்ரிப்ஷன்.

உலகத்துல இது கையும் களவுமாப் பிடிபட்டது அமெரிக்காவுல. 2007ல ராப் டோபோல்ஸ்கிங்கறவர், காப்புரிமை முடிஞ்ச பழைய பாட்டுகளை ஷேர் பண்ணிக்கிட்டு இருந்தார். காம்காஸ்ட் லைன்ல அப்லோடு மட்டும் அறுந்துக்கிட்டே இருந்துச்சு. அலசிப் பார்த்தா, காம்காஸ்ட் நடுவுல புகுந்து, ரெண்டு பக்கமும் 'இணைப்பை முடிச்சுக்கறேன்'னு எதிராளி அனுப்பற மாதிரியே பொய்ச் செய்தி அனுப்பியிருக்கு. நீங்களும் அம்மாவும் போன்ல பேசறப்போ, ஒருத்தன் நடுவுல உங்க குரல்லயே "வச்சிடறேன்மா"ன்னு சொல்ற மாதிரி. அசோசியேட்டட் பிரஸ் அந்த அக்டோபர்ல பைபிளை டோரண்ட்ல அனுப்பிப் பார்த்து இதை உறுதிப்படுத்துச்சு. 2008 ஆகஸ்ட்ல அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம் நிறுத்தச் சொல்லுச்சு. 2010 ஏப்ரல்ல கோர்ட், ஆணையத்துக்கு அந்த அதிகாரமே இல்லைன்னு சொல்லிடுச்சு. ஆனா கதை வெளிய வந்துடுச்சே.

நம்ம பக்கம் கதை வேற வழியில போச்சு. அதே 2012ல '3' படம் வர்ற சமயத்துல, சென்னை உயர் நீதிமன்றத்துல ஒரு தடை உத்தரவு வாங்கினாங்க. திருடப்போறவங்க யாருன்னு தெரியாததால பேர் தெரியாத ஆட்கள் மேல போடற உத்தரவு. அதைக் காட்டினதும் ஐஎஸ்பிங்க மே மாசம் முழு சைட்டு சைட்டா மூடிட்டாங்க. பைரேட் பேயோட சேர்த்து விமியோவும் போச்சு. குறும்படம் எடுத்துப் போட்டு வச்சிருந்த பசங்கள்லாம் முழிச்சாங்க. ஜூன்ல நீதிமன்றம், திருட்டுக் காப்பி இருக்கற குறிப்பிட்ட முகவரியை மட்டும்தான் மறிக்கணும், சைட்டையே மூடக் கூடாதுன்னு தெளிவுபடுத்துச்சு. திருட்டுப் படம் தப்பு, அதுல எனக்கு வேற கருத்து இல்ல. ஆனா டோரண்ட்னாலே திருட்டுன்னு ஒரு பேச்சு ஊர்ல பரவினதும், என்னோட உபுண்டுக்காக யாரும் பேச வரலை.

அப்புறம் எஃப்யூபி. 'அன்லிமிடெட்'னு விளம்பரம், கீழ ஒரு ஸ்டார் குறி. அளவு தாண்டினா வேகம் விழுந்துடும். 2012 ஜூலையில டிராய், அளவு எவ்வளவு, தாண்டினா வேகம் எவ்வளவுன்னு முன்னாடியே சொல்லணும்னு வழிகாட்டுச்சு. 2016 அக்டோபர்ல, தாண்டினாலும் 512க்குக் கீழ போகக் கூடாதுன்னு உத்தரவு. எஃப்யூபி எனக்குப் பிடிக்காதுதான், ஆனாலும் அது அளவைப் பார்க்குது, உள்ள இருக்கறதைப் பார்க்கலை.

உள்ள இருக்கறதைப் பார்த்து மெதுவாக்கறதுக்கு எதிரா விதி வந்தது 2018ல. 2016 பிப்ரவரி விதி கட்டணப் பாகுபாட்டுக்கு மட்டும்தான். ஃப்ரீ பேசிக்ஸ் சண்டை ஞாபகம் இருக்கும். 2018 ஜூலையில மத்திய அரசு, மறிக்கறது, தரத்தைக் குறைக்கறது, மெதுவாக்கறது, ஒண்ணுக்கு மட்டும் கூடுதல் வேகம் தர்றது எதுவும் கூடாதுன்னு லைசன்ஸ் நிபந்தனையிலயே சேர்க்க முடிவு பண்ணுச்சு. நியாயமான போக்குவரத்து மேலாண்மைக்கு விலக்கு உண்டு. ஆனா அது தேவைக்கு மேல போகக் கூடாது, தற்காலிகமா இருக்கணும், வெளிப்படையா இருக்கணும். 2012ல எங்க வீட்டுல நடந்தது மூணாவதுலயே அடிபட்டுடும்.

இதுல ஒரு வேடிக்கை. விதி வர்றதுக்குள்ள டோரண்ட்காரங்களே பாதிப் பிரச்சனையைத் தீர்த்துட்டாங்க. 2010 வாக்குல யூடோரண்ட்ல புது அனுப்பும் முறை ஒண்ணு வந்துச்சு. லைன்ல பொட்டலங்கள் தாமதமாகறது தெரிஞ்சதும் அது தானே ஒதுங்கி மத்தவங்களுக்கு வழி விடும். இன்னொரு பக்கம் கல்கத்தாவுல சில உள்ளூர் கேபிள் ஐஎஸ்பிங்க டோரண்ட்டை அடிக்கறதுக்குப் பதிலா, தங்களோட நெட்வொர்க்குக்குள்ளயே துண்டுகள் கிடைக்கற மாதிரி பண்ணி, அதையே பிளானோட கவர்ச்சியா வித்தாங்க. வெளிநாட்டு லைனுக்குக் கொடுக்கற காசு மிச்சம், வாடிக்கையாளருக்கும் சந்தோஷம்.

சரி, கேள்விக்கு வர்றேன். உங்களுக்குச் சந்தேகம்னா ஒரு லினக்ஸ் ஃபைலை எடுங்க. ஒரே நேரத்துல, சாயங்காலம் ஏழு மணி வாக்குல, டோரண்ட்லயும் நேரடி டவுன்லோடுலயும் மாத்தி மாத்திப் போடுங்க. அப்புறம் என்க்ரிப்ஷனோட ஒரு தடவை, இல்லாம ஒரு தடவை. வைஃபையை விட்டுட்டு கேபிள்ல போடுங்க, இல்லைன்னா உங்க வீட்டுச் சுவர் மேல பழி போட வேண்டி வரும். எல்லாமே சேர்ந்து மெதுவானா நெரிசல். ஒண்ணு மட்டும் விழுந்து, மறைச்சதும் எழுந்தா வேற கதை. ஒரு தடவை பார்த்து முடிவு பண்ணாதீங்க, டோரண்ட்ல எதிர்ப்பக்கம் ஆள் குறைஞ்சாலும் வேகம் விழும். மூணு நாளாவது பண்ணுங்க, ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைங்க. கஸ்டமர் கேர்ல "நெட் ஸ்லோ"ன்னு சொன்னா மோடத்தைத்தான் ஆஃப் பண்ணச் சொல்வாங்க. நேரமும் எண்ணும் வச்சுக்கிட்டு எழுத்துல புகார் கொடுத்தா பேச்சு மாறும். அங்க பதில் வரலைன்னா அதே நிறுவனத்துலயே மேல்முறையீட்டுக்கு ஒரு இடம் இருக்கு, டிராய் விதிப்படி இருந்தாகணும்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனப்போ இதையே பண்ணிப் பார்த்தேன். இப்போ வீட்டுல ஃபைபர். இப்போ இருக்கற உபுண்டு ஃபைல் அன்னிக்கு இருந்ததை விடப் பல மடங்கு பெருசு. என்க்ரிப்ஷனை எடுத்துட்டுப் போட்டேன், சாயங்காலம் ஏழு மணிக்கு. ஷூ கம்பெனி பஸ்ஸெல்லாம் வந்து சேர்ந்த நேரம். அம்மா டீ போட்டு எடுத்துட்டு வர்றதுக்குள்ள இறங்கிடுச்சு. அந்த மென்பொருளை மூடாம, நைட்டு முழுக்க அப்படியே விட்டுட்டுப் படுத்தேன். யாருக்காவது துண்டு வேண்டியிருக்கும்ல.