அரமும் அதன் பிடியும்

கொல்லர், தட்டார், தச்சர் ஆகிய மூவருக்கும் பொதுவான கருவி அரமாகும். திருவள்ளுவர் இக்கருவியைத் தம் குறள்களில் எடுத்தாண்டுள்ளார். 888ஆம் குறளில், உட்பகை கொண்ட குடி அரத்தால் அராவப்பட்ட பொன்னைப் போலத் தேயும் என்கிறார். 997ஆம் குறளில் கூரிய அறிவுக்கு அரத்தை உவமையாக்குகிறார். நாம் வாழும் இலண்டன் மாநகரில் யோசெப் மொக்சன் என்பவர் 1670களின் இறுதியில் வெளியிடத் தொடங்கிய கைத்தொழில் நூலிலும் அரங்களின் வகைகள் விளக்கப்பட்டுள்ளன. இத்துணைப் பழமையான கருவிக்குப் பிடி ஏன் இன்றியமையாதது என்பதை இங்கு நோக்குவோம்.

அரத்தின் ஒரு முனை ஒடுங்கிக் கூர்மையாக முடியும். அதனை வால் எனக் கொள்வோம். அராவும்போது நாம் கொடுக்கும் விசை முழுவதும் அவ்வாலின் வழியே செல்கின்றது. பிடியின்றி அராவுகையில் அரம் திடீரெனத் தடைப்படுமாயின், வால் உள்ளங்கையில் பாய்ந்துவிடும். விரல்களை இயக்கும் தசைநாண்களும் நரம்புகளும் தோலுக்குச் சற்றுக் கீழேயே உள்ளன. அவை அறுபட்டால் விரல்கள் செயலிழக்கவும் கூடும். பிடியோ அதே விசையை உள்ளங்கை முழுவதும் பரப்பி, கையைக் காக்கின்றது.

பிடிக்கு உறுதியான, வெடிப்பற்ற மரம் வேண்டும். பிரித்தானியாவில் பீச், ஆஷ் மரங்களையும், நம் ஊர்களில் பூவரசு போன்றவற்றையும் பயன்படுத்துவர். பிடி கைக்குள் அடங்குவதாகவும் அரத்தின் பருமனுக்கு ஏற்றதாகவும் இருத்தல் வேண்டும். வால் ஓர் ஆப்புப் போல மரத்தைப் பிளக்க முயலும்; ஆதலால் பிடியின் வாயில் உலோகப் பூண் இடுவர். நம் பாட்டிமார் நெல் குற்றிய உலக்கைக்கு இடப்பட்ட பூணும் மரம் பிளவுறாமற் காப்பதே.

பிடி பொருத்தும் முறை எளியது. முதலில் வாலின் நுனி அளவான ஒடுங்கிய துளையை முழு ஆழத்திற்கும், பின்னர் அதன் நடுப்பகுதி அளவான துளையைப் பாதி ஆழத்திற்கும் இடவேண்டும். வாலைச் செருகியபின், பிடி கீழே இருக்குமாறு நிமிர்த்தி, அதன் அடியை மேசையில் நேராகத் தட்டவேண்டும். பிடி மேசையில் நின்றுவிட, அரம் தன் சடத்துவத்தால் தொடர்ந்து கீழிறங்கி இறுகும். அரத்தின் மேல் சுத்தியலால் அடித்தல் ஆகாது. கடினமாக்கப்பட்ட உருக்கு நொறுங்குந் தன்மையது. அதன் சில்லு கண்ணில் தெறிக்கலாம். துளையைச் சுட்டு அமைக்க விரும்புவோர் வேறோர் இரும்புக் கம்பியைக் காய்ச்சுதல் நன்று. அரத்தையே காய்ச்சினால் பற்கள் வரை வெப்பம் பரவி, அவற்றின் கடினம் குன்றிவிடும்.

இங்கிலாந்துப் பாடசாலைகளின் தேசியப் பாடத்திட்டத்தில் வடிவமைப்பும் தொழினுட்பமும் என்னும் பாடம் 1990ஆம் ஆண்டு இடம்பெற்றது. அவ்வகுப்பில் அரத்தை எடுக்கும் மாணவர்கள் முதலில் பிடியை அசைத்துப் பார்த்தல் வேண்டும். தளர்ந்திருந்தாலோ வெடித்திருந்தாலோ உடனே ஆசிரியரிடம் காட்டுங்கள். பெற்றோரும் வீட்டிலுள்ள அரங்களை ஒருமுறை எடுத்துப் பார்ப்பார்களாக. பல்லின் கூர்மை வேலைக்கு உதவும். பிடியின் உறுதியே கையைக் காக்கும்.