கெக்கோ வளர்க்க ஆசையா? முதலில் தொட்டியை வளருங்கள்!

சோழவரத்தில் தகர ஷெட் போட்டு லேத் பட்டறை நடத்துகிறேன். மாடியில் வீடு, அதற்கும் தகரம்தான். எட்டாவது படிக்கும் அக்கா மகன் யூடியூப் பார்த்துவிட்டு, "மாமா, ஒரு லெப்பர்ட் கெக்கோ வாங்கலாமா?" என்று நச்சரிக்கிறான்.

கெக்கோ என்பது பல்லி இனம். அவன் கேட்பது மஞ்சள் உடம்பில் கரும்புள்ளி போட்டது. ஒரு சாண் நீளம், சாது. இரண்டடித் தொட்டி போதும். விரலடியில் ஒட்டும் பட்டை கிடையாது, அதனால் கண்ணாடியில் ஏறாது. நம் வீட்டுப் பல்லிக்கு இமை இல்லை. நாக்கால்தான் கண்ணைத் துடைக்கும். லெப்பர்ட் கெக்கோ இமை மூடித் தூங்கும். ஊர்வன வளர்க்கத் தொடங்குகிறவர்கள் இதைத் தேடுவதில் ஆச்சரியமில்லை.

தரையில் மணல் வேண்டாம். விழுங்கினால் குடல் அடைக்கும். பேப்பர் விரித்தால் போதும். ஒளிந்துகொள்ள ஒரு பொந்து, தோலுரிக்க ஈரப்பாசி போட்ட டப்பா வேண்டும். தீனி உயிருள்ள சுவர்க்கோழி, மாவுப்புழு. கால்சியம் பவுடர் தூவித் தர வேண்டும். கொழுப்பை வாலில் சேர்த்து வைக்கும். வால் இளைத்தால் உடம்பு சரியில்லை என்று அர்த்தம். நன்றாகப் பார்த்துக்கொண்டால் 15, 20 வருடம் வாழும். பையன் வேலைக்குப் போன பிறகும் இருக்கும்.

சிக்கல் சூட்டில் இருக்கிறது. ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியாவின் வறண்ட கல்லாங்காடுதான் இதன் சொந்த ஊர். தொட்டியின் ஒரு பக்கம் 32 டிகிரி, மறுபக்கம் 25 டிகிரி இருந்தால், இடம் மாறி மாறி உடற்சூட்டைச் சரிசெய்துகொள்ளும். குளிர் நாட்டு வீடியோக்களில் ஹீட் மேட் வாங்கச் சொல்கிறார்கள். கத்திரி வெயிலில் தகரத்தின் கீழ் நமக்குச் சூட்டுக்கா பஞ்சம்? அந்த 25 டிகிரி மூலைக்கு எங்கே போவது? ஐப்பசி மழையில் சோழவரம் ஏரிக்காற்றின் ஈரம் வேறு.

சட்டமும் இருக்கிறது. 2023 ஜூலையில் கோலாலம்பூரிலிருந்து திருச்சி வந்த பயணியின் பையில் 47 மலைப்பாம்புகளும் 2 பல்லிகளும் சிக்கின. காட்டுயிர்ச் சட்டம் 2022இல் திருத்தப்பட்டது. சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள வெளிநாட்டு உயிரினம் வைத்திருந்தால் அரசிடம் பதிய வேண்டும். நம் நாட்டுப் பாதுகாக்கப்பட்ட இனங்களை வீட்டில் வைக்கவே கூடாது. பில் இல்லாமல், வனத்துறையிடம் விசாரிக்காமல் கையை நீட்டாதீர்கள்.

பையனுக்குக் காலித் தொட்டியும் இரண்டு தெர்மாமீட்டரும் வாங்கித் தந்தேன். சித்திரையிலிருந்து கார்த்திகை வரை காலை, மதியம், இரவு இரு முனைச் சூட்டையும் நோட்டில் எழுத வேண்டும். "பல்லியே இல்லாம எதுக்கு மாமா?" என்கிறான். நோட்டு நிறையட்டும், அப்புறம் பேசலாம்.